பதினைந்து நாளுக்கு ஒரு ஊசி

டீ வேண்டாம் சார், இப்பதான் குடிச்சுட்டு வந்தேன். அந்த ஃபேனை மட்டும் கொஞ்சம் குறைச்சு வெச்சா புண்ணியமாப் போகும். கை சில்லிட்டுப் போகுது. வலது கையை ஏன் மூடியே வெச்சிருக்கேன்னு வாசல்ல நின்ன கான்ஸ்டபிள் கேட்டார். அதையும் சொல்லத்தான் போறேன். எதையும் மறைக்கிற உத்தேசம் இல்லை.

தம்பி குணம் எப்படின்னு வாக்குமூலம் கொடுக்கச் சொல்லிக் கூப்பிட்டீங்க. அஞ்சு மாசக் கர்ப்பிணியைப் படிக்கட்டுல தள்ளி விட்டிருக்கானே, முன்னாடியும் கை நீட்டினவனான்னு கேட்டீங்க. கிடையாது. முப்பத்தி நாலு வயசுல, இந்தக் கடைசி மூணு வருஷம் தவிர, அவன் ஒருத்தரை அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. லிஃப்ட் மெக்கானிக். உள்ளே யாராவது மாட்டிக்கிட்டா, கதவுக்கு வெளியே நின்னு, "பயப்படாதீங்கம்மா, இதோ ஆச்சு. வீட்ல இன்னிக்கு என்ன சமையல்?"னு பேச்சுக் கொடுத்துக்கிட்டே திறப்பான். அவ்வளவு சாது. அப்படிப்பட்டவன் இதை ஏன் பண்ணினான்னு எழுதணும்னா, நான் கொஞ்சம் முன்னாடியே ஆரம்பிக்கணும்.

நான் ஆஸ்பத்திரில நர்ஸ். இருபது வருஷமா ஊசி போடற அறைதான் எனக்கு. கை லேசுன்னு பேர். "அந்த அண்ணன் வரட்டும், அவர்கிட்டதான் போட்டுக்குவேன்"னு காத்துக்கிட்டு உட்கார்றவங்க உண்டு. பெரிய டாக்டரே ஒரு தடவை சட்டைக் கையை மடிச்சுவிட்டுக்கிட்டு என் முன்னாடி வந்து நின்னிருக்கார். பெருமைக்குச் சொல்லலை, விஷயத்துக்கு வேணும்னு சொல்றேன்.

தம்பிக்கு ஏழு வயசு, எனக்குப் பதினாலு. அவனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துச்சு. அம்மா வேலைக்குப் போயாகணும். "நீதானே பெரியவன், பார்த்துக்கோடா"ன்னு என்னை அவன்கூட விட்டுட்டுப் போயிட்டாங்க. கன்னம் ரெண்டும் பன்னு மாதிரி உப்பி, அதோட சிரிச்சுக்கிட்டே கிடந்தான். நான் பாலை ஆத்திக் கரண்டியில ஊட்டுவேன். ஒரே போர்வைக்குள்ளதான் படுத்தோம். ஒரு வாரத்துல எழுந்து விளையாட ஓடிட்டான். அப்புறம் எனக்கு வந்துச்சு. சின்னக் குழந்தைக்கு வந்தா கன்னத்தோட போயிடும் சார். வளர்ந்த பையனுக்கு வந்தா சில சமயம் விதைக்கும் இறங்கிடும். எனக்கு இறங்குச்சு. யாரும் பெரிசா எடுத்துக்கலை. மாத்திரை கொடுத்தாங்க, வீக்கம் வடிஞ்சுது, பள்ளிக்கூடம் போனேன்.

அது என்ன செஞ்சுட்டுப் போச்சுன்னு கல்யாணம் ஆகி நாலு வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. டெஸ்டோஸ்டிரோன்னு ஒரு ஹார்மோன் இருக்கே, ஆம்பிளை உடம்புக்கு அதான் எண்ணெய். எனக்கு இருக்கவேண்டியதுல கால் பங்குதான் இருந்துச்சு. எதுக்கு எழுந்திருக்கணும்னு தோணும் காலையில. சவரம் பண்ண ஒண்ணும் இருக்காது. படுக்கையில பொண்டாட்டி பக்கம் திரும்பவே பயம். டாக்டர் நல்ல மனுஷன். ஆயுசுக்கும் பதினஞ்சு நாளுக்கு ஒரு ஊசி போட்டுக்கிட்டா தெம்பு வந்துடும்னார், குழந்தை மட்டும் வராதுன்னார். தெம்பு வந்துச்சு. என் வீட்டுக்காரி ஒன்பது வருஷம் பொறுத்துப் பார்த்துட்டு, தங்கச்சி பிரசவத்துக்குன்னு போனவ, அங்கேயே தங்கிட்டா. சண்டை போட்டுட்டுப் போயிருந்தாலாவது தேவலை. சட்டையெல்லாம் மடிச்சு வெச்சுட்டுப் போயிருந்தா.

தம்பியை நான் குறை சொன்னதே இல்லை. நோய் ஒண்ணுதான், அவனுக்கு ஒரு வாரம், எனக்கு ஆயுசு. அவன் என்ன பண்ணுவான் பாவம்.

அவனுக்குக் கல்யாணம் ஆச்சு. நல்ல பொண்ணு, தையல் கடையில வேலை. என்னை மாமான்னு கூப்பிடும். ஜன்னல் வெச்ச முன் அறையில நான் இருந்தேன். "பின்னாடி அறைக்கு மாறிக்கோப்பா. நாளைக்குக் குழந்தை குட்டின்னு வந்தா அவங்களுக்குக் காத்து வேணுமில்ல"ன்னாங்க அம்மா. நியாயம்தானே. ஒரு ஞாயித்துக்கிழமை நானே கட்டிலைத் தூக்கி மாத்திக்கிட்டேன். தம்பிதான் இன்னொரு பக்கம் பிடிச்சான்.

ஒரு வருஷம் கழிச்சு அவன் ஊசி அறைக்கு வந்தான். மதியம், கூட்டம் இல்லாத நேரம். கதவைச் சாத்திட்டு ஒரு பேப்பரை நீட்டினான்.

"அண்ணா, இதை யார்கிட்டயும் சொல்லிடாதே. எப்பப் பார்த்தாலும் அசதியா இருக்கு. நானே போய் டெஸ்ட் கொடுத்தேன். குறைச்சல்னு போட்டிருக்காங்க. உனக்கு இருக்கறது எனக்கும் வந்துடுச்சாண்ணா?"

அவன் கண்ணுல தண்ணி நின்னுச்சு. நான் பேப்பரைப் பார்த்தேன். கீழ் எல்லைக்கு ஒரு மயிரிழை கம்மி, அவ்வளவுதான். அந்த ரத்தத்தைக் காலையில, நல்லாத் தூங்கி எழுந்து கொடுக்கணும். இவன் ரெண்டு நாள் காய்ச்சல்ல கிடந்துட்டு, ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு, சாயங்காலம் நாலு மணிக்குக் கொடுத்திருக்கான். யாருக்கா இருந்தாலும் குறைச்சலாத்தான் காட்டும். ஒரு வாரம் நல்லாத் தூங்கிட்டு மறுபடி கொடுத்துப் பாருடான்னு சொல்லியிருந்தா சிரிச்சுக்கிட்டே போயிருப்பான்.

இன்னொண்ணும் எனக்குத் தெரியும். இந்த ஊசி ஆம்பிளையைத் தெம்பாக்கும், ஆனா உயிரணுவை அடைச்சுடும். வெளியிலேர்ந்து ஹார்மோன் வந்தா உடம்பு சொந்த வேலையை நிறுத்திக்கும். குழந்தை வேணும்னு நினைக்கிறவனுக்கு இதைப் போடவே கூடாது, அதுக்கு வேற வைத்தியம் இருக்கு. உடற்பயிற்சிக் கூடத்துலேர்ந்து ஊசி போடச் சொல்லி வர்ற பசங்க இருபது பேருக்காவது இதைப் படிச்சுப் படிச்சுச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கேன்.

அன்னிக்குச் சொல்லலை.

"கவலைப்படாதேடா, அண்ணன் இருக்கேன்"னு சொன்னேன். என் அலமாரியில எனக்குன்னு வாங்கின குப்பி ஒண்ணு இருந்துச்சு. அது எண்ணெய் மருந்து சார், கெட்டியா இருக்கும். அப்படியே போட்டா கட்டிக்கிட்டு உயிர் போகும். பத்து நிமிஷம் கையில மூடி வெச்சா இளகிடும். மூடி வெச்சேன். "வலிக்கவே இல்லையேண்ணா"ன்னு ஆச்சரியப்பட்டான்.

அப்புறம் பதினஞ்சு நாளுக்கு ஒரு தடவை. எனக்கு எழுதிக் கொடுத்த மருந்து ஒருத்தனுக்குத்தான் வரும். அதனால பாதி நாள் நான் போட்டுக்கலை. அவனுக்குப் போட்டேன். நீங்க இதைக் கட்டாயம் எழுதிக்கணும். என் உடம்புல இருக்கவேண்டியதை எடுத்து அவனுக்குக் கொடுத்திருக்கேன். எந்த அண்ணன் கொடுப்பான்? நான் மாடி ஏறினாலே மூச்சு வாங்கி உட்கார்ந்துடுவேன். அவன் தோள் அகலமாச்சு, தாடி அடர்ந்துச்சு, கூட வேலை பார்க்கிறவங்க 'பயில்வான்'னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. "எல்லாம் உன் புண்ணியம்ணா"ன்னு என் கையைப் பிடிச்சுக்குவான். கொஞ்சம் சுள்ளுன்னு பேச ஆரம்பிச்சான். ஒரு தடவை தட்டை விசிறி எறிஞ்சான். சில பேருக்கு அப்படி ஆகும்.

ரெண்டு வருஷம் அந்தப் பொண்ணைத்தான் டாக்டர் டாக்டரா இழுத்துக்கிட்டு அலைஞ்சாங்க. ஸ்கேன், மாத்திரை, மறுபடி ஸ்கேன். அம்மா ஜாடைமாடையாப் பேசுவாங்க. அது பாத்திரம் கழுவிக்கிட்டே குழாயைப் பெரிசாத் திறந்து விட்டுட்டு அழும். பின்னாடி அறைக்கு நல்லாக் கேக்கும்.

கடைசில ஒரு டாக்டர், புருஷனையும் பார்க்கணும்னார். நானும் கூடப் போனேன். போறதுக்கு முன்னாடி தம்பிகிட்ட, "ஊசி விஷயத்தை வாய் திறந்துடாதே. ஃபைல்ல எழுதிடுவாங்க, உன் பொண்டாட்டி படிப்பா"ன்னு சொல்லி வெச்சேன். ரிப்போர்ட் வந்துச்சு. உயிரணு பூஜ்யம். ஹார்மோன் ஊசி ஏதாவது எடுக்கிறீங்களான்னு டாக்டர் நேராவே கேட்டார். தம்பி என் மூஞ்சியைப் பார்த்தான். "அதெல்லாம் இல்லை டாக்டர்"னு நான்தான் சொன்னேன். மேற்கொண்டு ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதினார். அந்தச் சீட்டு என் சட்டைப் பையில வந்துச்சு, துணி துவைக்கிறப்போ போச்சு.

வெளியே வந்து படியில உட்கார்ந்தான். "நானும் உன்னை மாதிரியே ஆயிட்டேண்ணா"ன்னான். சார், உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு. பதினாலு வயசுலேர்ந்து தனியா இருந்த மாதிரியும், அந்த நிமிஷம் யாரோ பக்கத்துல வந்து உட்கார்ந்த மாதிரியும் இருந்துச்சு. அவன் தோள்ல கை போட்டுக்கிட்டேன். நானும் அழுதேன். அது பொய் அழுகை இல்லை.

அதுக்கப்புறம் அவனை வேற ஊருக்குப் போட்டாங்க. பெரிய கட்டிடம், பன்னிரண்டு லிஃப்ட், ஒரு வருஷ வேலை. மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை வருவான், சாயங்காலமே வண்டி ஏறிடுவான். அங்கே ஊசி போட ஆள் இல்லை, விட்டுப் போச்சு. நானும் இனிமே எதுக்குன்னு இருந்துட்டேன். ஊசியை நிறுத்தினா அடைச்சது மெதுவாத் திறந்துக்கும். எல்லாருக்கும் ஆகாது, நிறையப் பேருக்கு ஆகும். அவனுக்கு ஆச்சு.

கடைசி மூணு மாசம் வேலை நெருக்கடில அவன் வரவே இல்லை. ஒரு வருஷம் முடிஞ்சு வீடு வந்தப்போ அந்தப் பொண்ணுக்கு நாலு மாசம். நேர்ல சொல்லணும்னு அடக்கி வெச்சிருந்துச்சு. அம்மா தெருவெல்லாம் சொல்லிட்டாங்க. அடுத்த நாள் அவன் ஊசி அறைக்கு வந்து கதவைச் சாத்தினான். அந்தப் பழைய ரிப்போர்ட்டைப் பர்ஸ்ல மடிச்சு வெச்சிருந்தான்.

"அண்ணா, பூஜ்யம்னா பூஜ்யம்தானே?"

நான் பஞ்சு உருட்டிக்கிட்டிருந்தேன்.

"சொல்லுண்ணா. உனக்குத்தான் இதெல்லாம் தெரியும். உன் வாயால சொன்னா நம்பறேன். ஊசி நிறுத்தினதுல ஏதாவது மாறியிருக்குமா? டாக்டர் தப்பா எழுதியிருப்பாரா? என் குழந்தைதான்னு ஒரு வார்த்தை சொல்லிடுண்ணா, உன் காலைப் பிடிச்சுக்கறேன்."

பிடிச்சான் சார், நிஜமாவே குனிஞ்சு பிடிச்சான்.

"பேப்பர்ல என்ன போட்டிருக்கோ அதான்டா"ன்னேன். இதுல பொய் எங்கே இருக்கு? அந்தப் பேப்பர்ல பூஜ்யம்தான் போட்டிருந்துச்சு.

அப்படியே தரையில உட்கார்ந்துட்டான். அவனைப் பார்க்கச் சகிக்கலை. உடம்பு தளர்ந்துடக் கூடாதேன்னு அலமாரியைத் திறந்து ஒரு குப்பியை எடுத்துக் கையில மூடிக்கிட்டேன். அழுதுக்கிட்டேதான் குப்புறப் படுத்தான். அதுக்கப்புறமும் விடாமப் போட்டேன்.

புதன்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும். தையல் கடைக்குக் கிளம்பின பொண்ணைப் படிக்கட்டுல வழிமறிச்சு, யாருன்னு சொல்லுன்னு கேட்டிருக்கான். "உங்களை விட்டா வேற யாருங்க"ன்னு அது சொல்லியிருக்கு. பதினோரு படி. குழந்தை போயிடுச்சு. அவன் ஓடலை, கீழே அது பக்கத்துலேயே உட்கார்ந்திருந்தான்.

நேத்து வார்டுக்குப் போய் அந்தப் பொண்ணைப் பார்த்தேன். "மாமா, நீங்க சொன்னா அவர் கேப்பார். அது அவர் குழந்தைதான்னு மட்டும் சொல்லிடுங்க. அப்புறம் என்னைச் சேர்த்துக்க வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்"னு என் கையைப் பிடிச்சுக்கிச்சு. அதனாலதான் உங்ககிட்ட இவ்வளவும் சொல்றேன். அது அவன் குழந்தைதான். அந்தப் பொண்ணு மேல ஒரு தூசு தப்புக் கிடையாது. அவனுக்கு இருந்த உடம்பைக் கெடுத்தது நான், டாக்டர்கிட்ட மறைச்சது நான், ஒரு வார்த்தையில தடுத்திருக்கலாம்னு தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டது நான். அவன் கை தள்ளுச்சு, ஆனா தள்ளினது நான்தான். எழுதிக்கோங்க, எந்தப் பக்கத்துல கையெழுத்துன்னு காட்டுங்க, போடறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதை அவன்கிட்ட வாசிச்சுக் காட்டிடாதீங்க. குழந்தையும் போச்சு, பொண்டாட்டியும் போயிட்ட மாதிரிதான். இனி என்னை விட்டா அவனுக்கு யார் சார் இருக்கா? நானும் இல்லைன்னு தெரிஞ்சா தாங்க மாட்டான். சின்ன வயசுலேர்ந்தே அவனைப் பார்த்துக்கறது என் பொறுப்பு.

இந்தக் கையில என்னன்னு கேட்டீங்களே, இதோ பாருங்க. இன்னிக்கு அவனுக்குப் பதினஞ்சாவது நாள். பதமா இளகியிருக்கு. ஆறிப் போறதுக்குள்ள அவன் இருக்கிற அறையை ஒரு அஞ்சு நிமிஷம் திறந்து விடுங்க சார், பாவம், மத்தவங்க போட்டா அவனுக்கு வலிக்கும்.