ஆள் உள்ளே

மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் நன்றாக இருக்கும், மேடம். எனக்குத் தூசு ஆகாது. ஆயுசு முழுக்கப் பேருந்து டிப்போ வாசலில் நின்று வண்டிகளுக்கு நேரம் குறித்தவன் நான். அத்தனை புகையையும் நெஞ்சுக்குள் வாங்கிக்கொண்டதுதான் மிச்சம். இன்ஹேலர் இல்லாமல் நான் தெருமுனைக்குக்கூடப் போவதில்லை. வாசலில் சோதனை போட்ட உங்கள் காவலர் அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி பையிலேயே வைத்துவிட்டார். மரியாதை தெரிந்த பிள்ளை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மென்று விழுங்க எனக்கு ஒன்றுமில்லை. எங்கள் கட்டடத்தின் குடியிருப்போர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். யாரும் முன்வராததால் என் தலையில் கட்டினார்கள். கட்டிய பிறகு நான் அதை ஒழுங்காகச் செய்வது பிடிக்காமல் முதுகுக்குப் பின்னால் என்னை 'விசில்' என்று கூப்பிட்டார்கள். டிப்போவில் விசில் வைத்திருந்தவன் என்பதால் அந்தப் பெயர். அதிலெல்லாம் எனக்கு வருத்தம் கிடையாது.

நான் பொறுப்புக்கு வருவதற்கு முன் எங்கள் கட்டடத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். திறந்த வீடு மாதிரி கிடந்தது. மணியடித்தால் கதவைத் திறந்துவிடுவார்கள், கதவைத் திறந்தால் வாயைக் கொடுத்துவிடுவார்கள். மாடிவீட்டுத் தம்பதி ஒரு சின்னக் கம்பளம்கூட இல்லாத வீட்டுக்குக் கம்பளம் சுத்தம் செய்யும் இயந்திரம் வாங்கினார்கள். எதிர்வீட்டு டீச்சர் வாங்கிய தண்ணீர் சுத்திகரிப்புப் பெட்டிக்குள் பாசி பிடித்தது. வாங்கிவிட்டு எல்லோரும் என்னிடம் வந்துதான் கையைப் பிசைவார்கள்.

நான் வார்டு அலுவலகத்துக்கு நடந்து நடந்து, அதிகாரியையே எங்கள் கூட்டத்துக்கு அழைத்துவந்தேன். அவர் பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார். வீடு வீடாக விற்க வருகிறவர் நகராட்சி கொடுத்த அட்டையைப் படத்தோடு மார்பில் குத்தியிருக்க வேண்டும். இருட்டிய பிறகு வரக் கூடாது. விற்பனையாளர் வர வேண்டாம் என்று பலகை வைத்த வாசலில் மணியடிக்கக் கூடாது. போ என்றால் அந்த நொடியே போய்விட வேண்டும். குடியிருப்பவர் கதவைத் திறக்க வேண்டியதில்லை, பதில் சொல்ல வேண்டியதுகூட இல்லை. சந்தேகம் வந்தால் அட்டையைக் கேட்கலாம், வார்டு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லலாம். எவ்வளவு தெளிவு பாருங்கள். எங்கள் வீடுகளுக்குள்ளேயே ஒருவருக்கொருவர் இவ்வளவு தெளிவாகப் பேசிக்கொள்வதில்லை.

அதிகாரி சொன்னதோடு நான் நிறுத்தவில்லை. வாசலில் கம்பிக் கதவு இருந்தது. அதன் வழியாக எட்டிப் பார்க்கிறார்கள் என்று அதற்குத் தகடு அடித்தேன். அதைத் தாண்டினால் மின்சார மீட்டர்கள் இருக்கும் சின்ன நடை. அந்த நடை முடியும் இடத்தில் படிக்கட்டுக்கு ஒரு கதவு போட்டேன். பிறகு எல்லோருடைய கைப்பேசியிலும் ஒரு குழு. யாராவது விற்க வந்துவிட்டால் நான் அதில் 'ஆள் உள்ளே' என்று இரண்டே சொல் போடுவேன். உடனே கட்டடம் மொத்தமும் தொலைக்காட்சியை அணைக்கும். குழந்தைகள் ஓட்டத்தை நிறுத்தும். அடுப்படியில் பாத்திரம் உருட்டுகிறவர்கள் கையைக் கட்டிக்கொள்வார்கள். வந்தவர் காலி வீடு போல என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். ஆரம்பத்தில் சிரித்தார்கள். பழகிய பிறகு, நான் சொல்லாமலே கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கற்றுக்கொண்டார்கள்.

இப்போது என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இடக்கை மட்டும் வேலை செய்யும். கட்டில் கம்பியில் ஒரு எவர்சில்வர் டம்ளரைத் தட்டித்தான் என்னைக் கூப்பிடுவாள். தண்ணீர் வேண்டுமா, திரும்பிப் படுக்க வேண்டுமா, தட்டும் விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். சமைப்பது, குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் நானே. ஆள் வைக்கலாமே என்று டீச்சர் கேட்டாள். என் மனைவியைப் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியாதா? ஆளெல்லாம் வேண்டாம் என்றேன்.

அந்தப் பெண் பினாயில் விற்பவள். பினாயில், பிரஷ், தரை துடைக்கும் துணி. ஒரு தோளில் பெரிய பை, அந்தப் பையின் கனத்தில் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடப்பாள். நான் காய்கறிக் கடைக்குப் போயிருந்த ஒரு காலை, யாரோ வாசலைத் திறந்து போட்டுவிட்டிருக்கிறார்கள். அவள் படியேறி வந்திருக்கிறாள். பூட்டிய வீட்டுக்குள் டம்ளர் சத்தம் கேட்டு, டீச்சரிடம் இருக்கும் மாற்றுச் சாவியை வாங்கித் திறந்து, என் மனைவிக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். நான் வந்து பார்த்தபோது தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார். அக்கா ரொம்ப நேரமா தட்டிக்கிட்டே இருந்தாங்க."

நான் நன்றி சொன்னேன். ஒரு புட்டி பினாயிலும் வாங்கினேன். யாருக்கும் கடன்பட எனக்குப் பிடிக்காது.

அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. என் மனைவியின் கட்டில் தெருப் பக்க ஜன்னலை ஒட்டி இருந்தது. பினாயில்காரி தெருவில் போகும்போது இவள் ஜன்னல் கம்பியில் டம்ளரால் தட்டுவாள். அவள் மேலே வந்து, டீச்சரிடம் சாவி வாங்கித் திறந்துகொள்வாள். நான் கடைக்குப் போகும் நேரமாகப் பார்த்துத் தட்டினாள் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படி அமைந்தது. எந்த வீட்டில் எந்தப் பாட்டில் உடைந்தது, யார் யாரோடு முறைத்துக்கொண்டார்கள் என்று அவள் தெருக்கதை முழுவதையும் கொண்டுவந்து கொட்டுவாள். ஒருநாள் நான் படியேறும்போது வீட்டுக்குள் ஒரு சத்தம். நின்று கேட்டேன். என் மனைவி சிரிக்கிறாள். பாதி வாயால் சிரிக்கிற சிரிப்பு. அவளுக்குச் சிரிக்க வரும் என்பதே அன்றுவரை எனக்குத் தெரியாது. நான் உள்ளே போனதும் சிரிப்பு நின்றது.

எனக்குச் சந்தோஷம்தான், மேடம். யாருக்குத்தான் இருக்காது? ஆனால் கட்டடத்துக்கு ஒரு விதியைப் போட்டுவிட்டு, என் வீட்டிலேயே அது காற்றில் பறந்தால் நாலு பேர் என்னை மதிப்பார்களா? இனி வரக் கூடாது என்று பினாயில்காரியிடம் சொன்னேன்.

"அக்காதான சார் கூப்பிடறாங்க. வீட்டுக்காரங்க கூப்பிட்டா போலாம்னு கார்டு குடுக்கறப்பவே சொன்னாங்களே."

"அவளுக்குப் பேச்சே கிடையாது."

"பேச்சு இல்லாட்டி என்ன சார்? தட்டறாங்கல்ல?"

அவள் சொன்னது சரிதான். கூப்பிட்டு வருகிறவரை எந்த விதியும் தடுக்காது என்று அதிகாரியும் அன்றைக்குச் சொன்னார். கூட்டத்தில் அதை யாரும் காதில் வாங்கவில்லை, நானும் பிறகு நினைவுபடுத்தவில்லை. ஆனால் கூப்பிடுவது என்றால் வாயால் கூப்பிடுவதுதானே? டம்ளர் தட்டியதை எல்லாம் அழைப்பு என்று எடுத்துக்கொண்டால் அதற்கு எல்லை எங்கே?

நான் கட்டிலைப் பின்னறைக்கு மாற்றினேன். அங்கே ஜன்னல் உண்டு. பக்கத்துக் கட்டடத்துச் சுவர் தெரியும், வெயில் படாது, உடம்புக்கு நல்லது. மாற்றிய அன்று முழுக்க என் மனைவி தட்டிக்கொண்டே இருந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. திருப்பிப் படுக்கவைத்தேன், தட்டுவது நிற்கவில்லை. என்ன வேண்டும் என்று கடைசிவரை எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் வாசலில் குரல் கேட்டு இறங்கிப் போனேன். பினாயில்காரி தகட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு நடைக்குள் வந்து நின்றாள். மணியடிக்கவில்லை, எதையும் விற்க முயலவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"அக்காவ ஜன்னல்ல காணோமே சார். உடம்புக்கு ஏதாவதா? ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன்."

அட்டையைக் கேட்டேன். காட்டினாள். சரியாகத்தான் இருந்தது. சரியாக இருக்கிறது என்று முடிவு செய்ய நான் யார்? அதை வார்டு அலுவலகம் சொல்லட்டும் என்று அவளை அங்கேயே இருக்கச் சொன்னேன். அவள் பையை வாங்கிக்கொண்டேன். வெளிக்கதவைப் பூட்டினேன், படிக்கட்டுக் கதவையும் மாடிப் பக்கத்திலிருந்து தாழ் போட்டேன். வார்டு அலுவலகத்துக்குப் பேசினேன். அதிகாரி சாப்பிடப் போயிருக்கிறார், வந்ததும் அனுப்புகிறோம் என்றார்கள். பிறகு குழுவில் 'ஆள் உள்ளே' என்று போட்டேன். கட்டடம் அமைதியானது.

பையை வீட்டுக்குக் கொண்டுபோய், அதிகாரியிடம் ஒப்படைப்பதற்காகப் பொருள்களை மேசைமேல் வரிசையாக எடுத்து வைத்தேன். பினாயில் புட்டிகள், பிரஷ்கள், அவளுடைய கைப்பேசி, ஒரு சாப்பாட்டு டப்பா, ஒரு இன்ஹேலர். நீங்களே பார்த்திருப்பீர்கள், எதுவும் குறையவில்லை.

அவள் கதவைத் தட்ட ஆரம்பித்தாள். முதலில் கோபமாக, பிறகு மெதுவாக. நான் இறங்கிப் போய்ப் படிக்கட்டுக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"சார்... மூச்சு முட்டுது சார். தகடு கொதிக்குது. பையில மருந்து இருக்கு. அத மட்டும் குடுங்க சார், நான் போயிடறேன். இனிமே வரவே மாட்டேன்."

விற்க வருகிறவர் பேச்சுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்லவில்லை. இனிமேல் வரவே மாட்டேன் என்று அவள் சொன்னதை மட்டும் மனதில் குறித்துக்கொண்டேன்.

டீச்சர் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, "கீழ யாரோ அழற மாதிரி இருக்கே சார்?" என்று கிசுகிசுத்தாள். நான் விரலை உதட்டில் வைத்துக் காட்டினேன். அவள் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளைக் குற்றம் சொல்லாதீர்கள். பாவம், நான் பழக்கியபடிதான் எல்லோரும் நடந்தார்கள். நாலு மாடியிலும் ஆள் இருந்தது, ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. பிறகு விசாரித்தால், எல்லோரும் கதவுக்குப் பின்னாலேயே நின்றிருக்கிறார்கள். யாராவது ஒருவர் போவார் என்று ஒவ்வொருவரும் காத்திருந்தார்களாம்.

ஒருத்தி மட்டும் அமைதியாக இல்லை. என் மனைவி. கீழேயிருந்து வந்த குரலை அவள் கண்டுகொண்டுவிட்டாள். டம்ளரால் கட்டில் கம்பியை அடித்தாள், அடித்தாள், அப்படி அடித்தாள். கீழே அவள் தட்ட, மேலே இவள் தட்ட, இரண்டு பேரும் பேசிக்கொள்வதுபோல இருந்தது. நான் அவள் கைவிரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து டம்ளரை எடுத்தேன். நம்ப மாட்டீர்கள், அந்தக் கையில் அவ்வளவு பலம். பிறகு அவள் வெறுங்கையால் தட்டினாள். அதில் சத்தம் வரவில்லை. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. நான் துடைத்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கீழே தட்டுவது நின்றது. நான் சாப்பிட்டேன். தட்டைக் கழுவி வைத்தேன். வெயில் தாழ்ந்த பிறகு அதிகாரி வந்தார். நான் நடையில் அவளைத் தாண்டிப் போய் வெளிக்கதவைத் திறந்ததும் அவர் உள்ளே வரவில்லை, அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சார் பண்ணி வெச்சிருக்கீங்க? கதவத் திறக்க வேணாம்னுதான சார் நான் சொன்னேன்? அடைச்சு வைங்கன்னா சொன்னேன்?"

அவள் மார்பில் அந்த அட்டை அப்படியே இருந்தது. அதைக் காட்டினேன். அவர் பார்க்கவில்லை.

அந்த இன்ஹேலர் எதற்கு என்று எனக்குத் தெரியுமா என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். தெரியும். மேசைமேல் வைக்கும்போதே தெரியும். இதோ, என் சட்டைப் பையில் இருப்பதும் அதேதான், அதே நீல நிறம். கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றபோதும் இது பையில்தான் இருந்தது. அவள் மூச்சுக்கு அலைந்த சத்தத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கே நெஞ்சை அடைத்தது. எடுத்து இரண்டு தடவை இழுத்துக்கொண்டேன். ஒருவருக்கு எழுதிக்கொடுத்த மருந்தை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது, மேடம். அதுவும் விதிதான். அவள் செத்துப்போவாள் என்று தெரிந்துதான் நின்றேன். நான்தான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒரு உதவி மட்டும். என் மனைவியோடு இப்போது டீச்சர் இருக்கிறாளாம். டம்ளரைக் கைக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுத்தான் உங்கள் வண்டியில் ஏறினேன். அன்றிலிருந்து அவள் அதைத் தொடவே இல்லையாம். தண்ணீருக்குக்கூடத் தட்டவில்லையாம். கோபம் இருக்கும், தணிந்துவிடும். அவள் எப்போது தட்டினாலும் எனக்குச் சொல்லி அனுப்பச் சொல்லுங்கள். என்னைத்தான் தேடுவாள். கூப்பிட அவளுக்கு என்னை விட்டால் இப்போது வேறு யார் இருக்கிறார்கள்?