கருவியின் பக்கம் நிற்காதவருக்கு

மார்ச் 31. இந்தப் பணிநிறைவு வாழ்த்து மடலின் முதல் படியில் “விரைவின் வடிவமே!” என்று உங்களை விளித்திருந்தேன். வேலை முடிந்து நான் படிக்கப் போகும் மாலை வகுப்பில் அவசரமாக எழுதியது. பதிவு மேசைக்காரர் படித்துவிட்டு, “ஏம்மா, கருவிதான் வேகம். அக்கா எங்க வேகம்?” என்று சிரித்தார். தவறுதான், திருத்திவிட்டேன்.

கண்டிப்பிலும் கனிவு குறையாத எங்கள் ஆய்வகத் தலைவியே! அன்பு அக்கா!

கருப்பைவாய்ச் செல்களைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி, முடிவு சொல்ல முன்பெல்லாம் வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் பாதிப் பெண்கள் திரும்பி வரமாட்டார்கள். உங்கள் நாத்தனாரும் வேறோர் ஊரில் அப்படி முடிவு வாங்காமலே இருந்துவிட்டார் என்பதை ஒரே ஒருமுறை சொன்னீர்கள். பிறகு அவரைப் படுக்கையில்தான் பார்த்தீர்களாம்.

இன்று கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸைத் தேடும் கருவி ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடுகிறது. அந்த ஒரு மணி நேரமும் நீங்கள் வெளிப் பெஞ்சில், சோதனைக்கு வந்த பெண்ணின் அருகில் இருப்பீர்கள். “அடுப்புல பால் வச்சிட்டு வந்தவ மாதிரி ஏன்மா தவிக்கிறே? வைரஸ் இருந்தா புற்றுநோய்னு அர்த்தமில்ல. அது வராம தடுக்கத்தானே இப்பவே பாக்குறோம்!” என்பீர்கள். வைரஸ் இருந்தால் அவரும் மருத்துவரிடம் அன்றே சிகிச்சை முடித்து வீடு போவார்.

சென்ற வியாழன் ஓய்வூதியக் கையெழுத்துக்காக நீங்கள் போயிருந்தீர்கள். பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. வைரஸ் இருக்கிறது என்று முடிவு சொல்லும் சன்னல் வழியே கேட்ட தையல்காரப் பெண், “புள்ளைய ஸ்கூல்லேந்து கூட்டிட்டு வந்துடறேன்” என்று போனார். வரவில்லை. அலைபேசியையும் எடுக்கவில்லை. கருவி சரியாகத்தான் சொன்னது. நாங்கள்தான் எல்லோரும் சன்னலுக்கு உள்ளேயே இருந்துவிட்டோம்.

மறுநாள் இதைச் சொன்னபோது நீங்கள் திட்டவில்லை. “பயந்திருக்கா. பயந்தவளுக்குப் போன் அடிச்சா இன்னும் பயம்” என்றீர்கள். திட்டியிருந்தால் தேவலை அக்கா.

சட்டமிட்டு மாட்டும் மடலில் இது வேண்டுமா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றார்கள் எல்லோரும்.

உடல் நோகாமல், மனம் வாடாமல், நெடுங்காலம் நீங்கள் வாழ வேண்டும்! படிக்கையில் என் குரல் உடைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாளைக் காலை ஒன்பது மணிக்குச் செவிலியரும் நானும் அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நேரில் போகிறோம். பதினொரு மணியை மருத்துவர் அவருடைய சிகிச்சைக்காக ஒதுக்கியிருக்கிறார்.

உங்கள் பிரிவால் வாடும்
ஆய்வகப் பணியாளர்கள்