மிகாத இடமும் மிகும் இடமும்

2025 ஜூலை 15, செவ்வாய்க்கிழமை, மாலை 4.40, விடாத மழை. மும்பை மாட்டுங்காவில் ஒரு தமிழ் நாளேட்டின் அலுவலகம். மூத்த உதவி ஆசிரியர் வேங்கடசுப்ரமணியன் ஐந்து மணிக்குள் ஒரு தாளில் கையெழுத்திட வேண்டும்: காணொளிப் பிரிவுக்கு மாற்றமா, விருப்ப ஓய்வா? அவரிடம் பயிற்சி பெற்ற முத்துமாரிதான் இன்று அந்தப் பிரிவின் தலைவர். கைப்பேசியில் அழைத்ததும் அவரே.

"ஹலோ... ஆமா, நான்தான்... இல்லை, இன்னும் போடலை. பேனா கையிலதான் இருக்கு...

பார்த்தேன், பார்த்தேன். தாராவித் தண்ணி வீடியோதானே?... ஒன்பது லட்சம் பேரா! எனக்கென்ன தெரியும், நான் எண்ணிண்டா இருக்கேன்?... காலையில எட்டரை லட்சம்னு காட்டித்து.

அந்தக் குழாயைப் பத்தி நானும் எழுதினேனே, எட்டாம் பக்கத்துல. ஒருத்தன் எட்டிப் பார்க்கலை. நீ காலிக் குடத்தோட நின்னுண்டு 'எய்யா, தண்ணி எங்க?'ன்னே, மறுநாளே என்ஜினியர் வந்து நிக்கறான்...

பொறாமையா? எனக்கா? அரே, போம்மா... என் கோபமெல்லாம் தலைப்பு மேலதான். 'தண்ணீர் பஞ்சம்'னு போட்டிருக்கே. தண்ணீர்ப் பஞ்சம்! குழாய்ல தண்ணி வரலை, சரி. ஒற்றுமா வரலை?...

என்னது?... கமெண்ட்ல யாரோ திருத்தியிருக்காரா?... 'இலக்கணப்பித்தன்'னு பேரா... எல்லா வீடியோவிலயுமா? ம்... யாரோ படிச்ச மனுஷன்.

...

கமெண்ட்ல அரைப்புள்ளி வைக்கறவன் பம்பாய்ல நான் ஒருத்தன்தானா?... ஆமா... ஆமாம்மா, நான்தான். சிரிக்காதே... முதல் நாளே தெரியுமா!

என்ன சொன்னே?... வேணும்னே விட்டியா? ஒவ்வொரு ஒற்றையுமா?... நான் திருத்தினா நாலு பேர் என்னைத் திட்ட வருவா, நாற்பது பேர் அவாளைத் திட்ட வருவா, வீடியோ மேல ஏறுமா... அடிப்பாவி! நான் திருத்தத் திருத்த நீ வளர்ந்துண்டிருந்தியா?

...

என்ன, கூப்பிட்டதே இதுக்குத்தானா?... வந்து உள்ளேயிருந்து திருத்தணுமா... உன் கீழேயா?

...

என் பேர் வரணும். 'பிழை திருத்தியவர் வேங்கடசுப்ரமணியன்'. வெங்கட்னு சுருக்கப்படாது... உன் பேரைவிடச் சின்ன எழுத்தா?... அப்போ வேண்டாம், வை... சரி, சரி. ஒரே அளவு.

இரு, லைன்லயே இரு, தாளை வாங்க ஆபீஸ் பொண்ணு வந்திருக்கா... ஸ்மிதா, யே லோ. சைன் ஹோ கயா.

...

எதுல போட்டேனா? 'காணொளி பிரிவு'ன்னு அச்சடிச்சிருந்தா. ஒரு 'ப்' சேர்த்துட்டு அதுலதான் போட்டேன்... ஓய்வா? அந்தப் பத்தியில ஒரு பிழைகூட இல்லை; அங்கே எனக்கென்ன வேலை? வை போனை."