கேயாபன் அளவுக்கல்லுக்குப் பொட்டு வைத்தது நான்

2024 நவம்பர் 18, திங்கட்கிழமை, கொல்கத்தா.

என் பெயர் முனுசாமி. தகப்பனார் காலஞ்சென்ற சின்னையன். சொந்த ஊர் ஆரணி. இப்போது கரியாஹாட் சந்தைக்குப் பின்புறச் சந்தில் குடியிருந்து, அங்கேயே இட்லிக் கடை வைத்திருக்கிறேன். வயது ஆதார் அட்டையில் ஐம்பத்துமூன்று, என் மனைவி ஜானகியைக் கேட்டால் ஐந்து. படிப்பு மூன்றாம் வகுப்பு. வங்காளம் பேசுவேன், படிக்கத் தெரியாது. ஆகையால் நான் தமிழில் சொல்லச் சொல்ல மொழிபெயர்ப்பாளர் வசந்தி அம்மாள் தமிழிலேயே எழுதுகிறார். இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு இது எனக்கு மூன்றாவது நடை. முதல் இரண்டு தடவையும் தமிழ் தெரிந்த ஆள் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இன்று காலை பத்து மணியிலிருந்து வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்து, மாலை நான்கு மணிக்குக் கூப்பிட்டார்கள்.

கடலோர மணலை அளந்து ஆராயும் மாதங்கி மேடத்தை எனக்கு நான்கு வருடமாகத் தெரியும். துறைமுகத்தில் வேலை பார்த்த தமிழர் ஒருவரின் மகள், டாலிகஞ்சில் பிறந்து வளர்ந்தவர். அவரும் உதவியாளர் பிரிட்டோவும் தெற்கே கேயாபன் கடற்கரைக்கு அளக்கப் போகும்போதெல்லாம் சமையலுக்கு என்னைக் கூட்டிப்போவார்கள். சமைத்தது போக மீதி நேரம் கயிறு பிடிப்பேன், குழி தோண்டுவேன்.

2023 பிப்ரவரி இரண்டாம் வாரம் கேயாபனில், அலை எட்டாத இடத்தில், மணல்மேட்டின் அடிவாரத்தில் ஓர் அளவுக்கல் நட்டோம். அது ஐந்தரை அடி நீளக் கான்கிரீட் தூண், உச்சியில் பித்தளைக் குமிழ். குமிழிலிருந்து மணல் வரை நாடா பிடித்தால் மணல் ஏறியதா இறங்கியதா என்று தெரியும். குழியை முழுக்க நான்தான் தோண்டினேன். உள்ளே நின்றபோது என் தலை மட்டும் வெளியே தெரிந்தது. மாதங்கி மேடம், “அண்ணா, அப்படியே நில்லுங்க, உங்களையே நட்டுட்டுப் போயிடலாம், கல்லு மிச்சம்” என்றார். “என்னை நட்டா இட்லி மரம் முளைக்கும் மேடம், அப்புறம் என் கடைக்கு எவன் வருவான்?” என்றேன். அதன் பிறகு தூணை இறக்கி, மண் தள்ளி மிதித்து முடித்தபோது மணலுக்கு மேலே ஒரு சாண் மட்டும் இருந்தது. இதை நான் கண்ணால் கண்டேன், கையால் செய்தேன்.

அதற்கு முன் அதே இடத்தில் வைத்த இரண்டு கற்களை யாரோ பிடுங்கிவிட்டார்கள். ஒன்று படகு கட்டப் போயிற்று, இன்னொன்று எங்கே போயிற்று என்று தெரியாது. இரண்டு தடவையும் மேடம் அந்தக் குழியருகே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஆகவே அன்று மேடமும் பிரிட்டோவும் ஆளுக்கொரு கோலைப் பிடித்துக்கொண்டு, தொடுவானத்தைப் பார்த்து மட்டம் எடுத்தபடி தண்ணீரை நோக்கி இறங்கிப் போயிருந்த சமயத்தில், நான் சமையல் பெட்டியிலிருந்து மஞ்சள்தூளும் என் வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பும் எடுத்துக் குழைத்தேன். குழைத்தால் சிவக்கும். அதை அந்தக் கல்லில் பெரிய பொட்டாக வைத்தேன். பொட்டு வைத்த கல்லை எவனும் பிடுங்க மாட்டான் என்பதே என் எண்ணம். வேறு எண்ணம் இல்லை. யாரும் சொல்லிச் செய்யவில்லை.

அதன் பிறகு மேலேறி வந்த மேடம் பார்த்துவிட்டு, “அண்ணா, இது என்ன கூத்து? இது அளக்கற கல்லு. அழிச்சிடுங்க” என்றார். நான் “சரி மேடம்” என்று சொல்லி, ஒரு சொம்புத் தண்ணீரைக் கல்லுக்குப் பக்கத்தில் மணலில் ஊற்றிவிட்டு வந்தேன். மேடம் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் சொன்னதை நம்பி, அழித்தாயிற்று என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு செப்டம்பரில் போனபோது கல்லைச் சுற்றிச் சிவப்புத் துணி கட்டி, செம்பருத்தி வைத்திருந்தது. மணல் இறங்கி, கல் இரண்டரை சாண் வெளியே தெரிந்தது. அங்கே கருவாடு காயவைக்கும் கீதாஞ்சலி என்ற பெண் என்னிடம், “தாதா, கங்கா மா முளைச்சு வந்திருக்கா, பாரு, வளர்றா” என்றார். தாதா என்றால் வங்காளத்தில் அண்ணன். மேடம் என்னைக் கேட்டதற்கு, “ஊர்க்காரங்க வெச்சிருக்காங்க மேடம்” என்றேன். அது பாதி உண்மை.

மழைக்காலத்தில் கடல் கரை மணலை இழுத்துத் தண்ணீருக்குள் திட்டாக வைத்துக்கொள்ளும், பனிக்காலத்தில் சின்ன அலைகள் அதைத் திரும்பக் கொண்டுவந்து போடும், புயல் வந்தால் மணல்மேடு தன் மடியிலிருந்து கொடுத்துக் கரையைக் காக்கும் என்று மேடம் சொல்லியிருக்கிறார். அதனால் பனிக்காலத்தில் கல் மறுபடி ஒரு சாணாகிவிடும் என்று நினைத்தோம். ஆனால் அந்த நவம்பரில் பக்கத்து நீல்ஜினுக் ரிசார்ட்டுக்காரர்கள் தாழம்புதரை வெட்டி, மணலைப் பிடித்துவைத்திருந்த அடம்பங்கொடியை உரித்து, மணல்மேட்டை ஜேசிபி வைத்து அள்ளித் தங்கள் புல்தரையை உயர்த்திக்கொண்டார்கள். அள்ளியதை நான் இரண்டு நாள் பார்த்தேன். 2024 பிப்ரவரியில் இன்னும் மணல் இறங்கி, கல் மூன்றரை சாண். செப்டம்பரில் ஐந்தரை சாண், கொஞ்சம் சாய்வு. அடியில் கறுப்புக் களிமண்ணும், எந்தக் காலத்துக் காட்டினுடையதோ, மட்கிய வேர்களும் வெளியே வந்திருந்தன. பெண்கள் அதைக் கங்கா மாவின் சடை என்று எண்ணெய் தடவியிருந்தார்கள். முதலில் கட்டிய கைக்குட்டை அளவுத் துணி போய்த் துண்டாகி, இப்போது முழுச் சேலை கட்டுகிறார்கள். மேடம் அந்தச் சேலையை விலக்கி நாடா பிடித்து அளந்துவிட்டு, மறுபடி கொசுவம் சரிசெய்து விட்டார். அன்று சாப்பிடவில்லை.

அதன் பிறகு ரிசார்ட் தரப்பில், மாதங்கி மேடம் தங்கள் வழியை மறிக்கச் சாமி கல் நட்டதாகவும், மணல் குறைந்ததாகக் காட்டக் கல்லைத் தூக்கி வைத்ததாகவும் புகார் கொடுத்தார்கள். பொட்டை அன்றே அழித்துவிட்டதாக மேடம் எழுதிக் கொடுத்தார். அவர்கள், கல் நட்ட அன்று சாயங்காலம் யாரோ விருந்தாளி எடுத்த படத்தைக் காட்டினார்கள். படத்தில் பொட்டு இருக்கிறது. அதனால் மேடம் சொன்னது பொய் என்றாகி, பொட்டு பொய் என்றால் அளவும் பொய் என்று அலுவலகம் அவரை விடுப்பில் வீட்டுக்கு அனுப்பியது. ரிசார்ட் மணல் அள்ளியதை எதிர்த்து, மேடத்தின் அளவுகளை ஆதாரமாக வைத்து நடக்கும் மணல்மேட்டு வழக்குக்கு வரும் வியாழக்கிழமை விசாரணை. அதற்குள் இது சரியாகாவிட்டால் அளவுகளை வழக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்றும், மிச்ச மேட்டையும் அள்ளத் தடை இருக்காது என்றும் பிரிட்டோ போனில் சொன்னார். மேடம் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

இட்லிக்காரன் சொல்வதை எப்படி நம்புவது என்று எஸ்.ஐ. கேட்டார். “காலைல இட்லியை நம்பிச் சாப்பிடறீங்க இல்ல சார், அதே கைதான்” என்றேன். அதன் பிறகு அவர் மேசை மீதே மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக் காட்டினேன். கல்லின் அடிப்பூச்சைச் சுரண்டிப் பார்த்தால் இதுதான் இருக்கும், மேலே இருப்பதுதான் வங்காளத்துச் சிந்தூரம். மேசையில் ஆன கறைக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

இதைச் சொன்னால் சாமி பெயரில் ஏமாற்றியதாக என் மீதே வழக்கு வரலாம் என்று எஸ்.ஐ. எச்சரித்தார். தெரிந்துதான் சொல்கிறேன்.

அந்தப் பெண்களிடம் இதைச் சொன்னாயா என்று கேட்டதற்கு என் பதில்: போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்திய ஞாயிறு தனியாக பஸ் பிடித்துக் கேயாபனுக்குப் போய்க் கீதாஞ்சலியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காலில் விழவும் தயாராகப் போனேன். அவர் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, “கல்லு வளருமா தாதா? எனக்கென்ன பைத்தியமா? எங்க வீட்டு வாசப்படியும்தான் ரெண்டு முழம் வளர்ந்திருக்கு. ஏறி இறங்க முட்டி வலிக்குது. அதுக்கும் ஒரு பொட்டு வெச்சிட்டுப் போயேன்” என்றார். அப்புறம் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். படிக்குக் கீழே மண் இல்லை. அஸ்திவாரச் செங்கல் தெரிந்தது. சேலை கட்டிய கல் இருக்கும் இடத்துக்கு மட்டும் ஜேசிபிக்காரன் வண்டியைக் கொண்டுவரப் பயப்படுகிறான், அதனால்தான் மாதம் ஒரு சேலை மாற்றுகிறோம் என்றார். நான் அவர் வீட்டுப் படியை என் சாணால் அளந்தேன். நான்கு சாண்.

மேலே சொன்னதெல்லாம் நான் கண்டதும் செய்ததும்தான். மிரட்டியோ ஆசை காட்டியோ யாரும் சொல்லவைக்கவில்லை. மாதங்கி மேடத்துக்கு நான் இங்கே வந்திருப்பது தெரியாது. வசந்தி அம்மாள் முழுவதையும் வாசித்துக் காட்டினார். கீதாஞ்சலி சொன்னதைத் தவிர, நான் சொன்னதாக இரண்டு இடங்களில் ‘கல் வளர்ந்தது’ என்று எழுதியிருந்தார். அவற்றை அடித்துவிட்டு ‘மணல் இறங்கியது’ என்று எழுதச் சொன்னேன். அப்படியே திருத்தினார். திருத்திய இரண்டு இடத்திலும் பக்கத்தில் தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) சி. முனுசாமி