கூடாரம் பிரிக்கும் நாளில் எங்கள் வில்லனுக்கு

கண்டதும் குழந்தைகள் அலறும் கொடுமுகமே! கர்ஜித்தால் கடைசி வரிசைக் காதும் அடைக்கும் கம்பீரக் குரலே! மேடையில் பாவியாகவும் மேடைக்குப் பின்னால் எங்கள் மூத்த அண்ணனாகவும் முப்பது ஆண்டுகள் வாழ்ந்த ஹரகாந்த தாலுக்தார் அவர்களே!

பகுல்வன நடமாடும் நாடகக் குழுவினராகிய நாங்கள், புத்தாண்டுப் பிகுத் திருநாளுக்காகக் கூடாரம் பிரிக்கும் இந்நாளில், எங்களிடமிருந்து விடைபெறும் தங்கள் தோளில் இந்தச் செங்கரைக் கமோசாத் துண்டைப் போர்த்தி வணங்கி நிற்கிறோம்.

நல்பாரி முதல் திப்ருகர் வரை, வட்டிக்காரராய் வந்து தாங்கள் வீடு பிடுங்காத ஊர் இல்லை. மாமனாராய் வந்து மருமகளைத் துரத்தாத மேடை இல்லை. பர்பேட்டா சந்தையில் ஒருத்தி தங்களுக்கு மீன் விற்க மறுத்தாள். "மொதல்ல அந்தப் பொண்ண வீட்டுக்குள்ள கூப்புடு, அப்புறம் மீன் திங்கலாம்" என்றாள். தாங்கள் சரி என்று தலையாட்டி வெறும் பையோடு திரும்பினீர்கள். அன்று குழு முழுவதும் உருளைக்கிழங்கு தின்றது.

தங்கள் கையால் அதிகம் செத்தவர் பபேன் மேதி. நல்ல தகப்பன் வேடமெல்லாம் அவருக்கு. அந்தத் தகப்பன் கழுத்தை நெரிக்கும் வேலை தங்களுக்கு. இருவருக்கும் ஒரே அறை, ஒரே வெற்றிலைத் தட்டு. "இன்னைக்குச் சீக்கிரமா கொன்னுடு ஹரா, வாத்துக்கறி ஆறிடும்" என்பது போல் ஏதாவது சொல்லாமல் அவர் மேடையேறியதில்லை.

கார்த்திகையில் ஒருநாள், தாங்கள் கழுத்தைத் தொடுமுன்பே அவர் நெஞ்சைப் பிடித்துச் சரிந்தார். தாங்கள் சபையைப் பார்த்துக் கும்பிட்டீர்கள்.

"ஐயா, இது நாடகமில்ல. டாக்டர் யாராவது இருந்தா வாங்க."

கூடாரமே விசிலடித்தது. கும்பிடக் கும்பிடக் கைதட்டல் கூடியது. மேடையில் கப்பலையும் விமானத்தையும் காட்டிப் பழக்கிய குழு நம்முடையது. பபேனை ஏற்றிய வண்டி கூட்டத்துக்குள் புகுந்தபோது அதையும் காட்சி என்று எண்ணி எழுந்து நின்று ஆரவாரித்தார்கள். வழி அடைபட்டது. சாலையை எட்டுமுன் அவர் போய்விட்டார்.

மறுநாள் ஒருவர் வந்து தங்கள் காலடியில் உட்கார்ந்தார். முன்வரிசையில் இருந்த டாக்டர். "நானும் கைதட்டிக்கிட்டு இருந்தேன்" என்றார். அவரைத் தாங்கள்தான் தேற்றி அனுப்பினீர்கள்.

அதன்பின் தங்கள் கை எவர் கழுத்தருகிலும் போகவில்லை, பாதியில் நின்றது. முதலாளி தகப்பன் வேடத்தைக் கொடுத்துப் பார்த்தார். அது பபேனுடையது என்று மறுத்துவிட்டீர்கள். நேற்று இந்த மடலைப் பற்றிச் சொன்னபோது, "என்ன வேணா எழுதுங்கடா. நல்லா நடிச்சேன்னு மட்டும் எழுதாதீங்க" என்றீர்கள்.

எழுதவில்லை, அண்ணா. தங்கள் மேல் குற்றமில்லை என்று எழுத விரும்பினோம். எத்தனை அலங்காரமாக எழுதினாலும் தாங்கள் நம்பப் போவதில்லை. அன்று தாங்கள் கதறியதைச் சபை நம்பாதது போலவே.

நூறாண்டு நலமோடு வாழ்க என்று வாழ்த்த வேண்டிய இடம் இது. அதைத் தாங்கள் வரமாகக் கொள்ளமாட்டீர்கள் என்று தெரியும். ஆனாலும் ஆவணியில் கூடாரம் மறுபடி எழும். எந்த ஊர் என்று சொல்லியனுப்புவோம். பார்க்க வாருங்கள். வர மனமில்லாவிட்டால் வரவேண்டாம், வீட்டில் இருங்கள். எப்படியாவது இருங்கள், அண்ணா.

தங்களை அனுப்ப மனமில்லாத,
பகுல்வன நாடகக் குழுவினர்,
நல்பாரி.