பசை போடாத சுண்ணாம்பு

இதுவரை நடந்தவை:

1. ஹந்தானை மலைக்கு ஏறும் வழியில், ஒரு தேயிலைத் தோட்டத்துச் சுவரில் பல்கலைக்கழக மாணவர்கள் படம் வரைந்தார்கள். படத்தில், தண்ணீர் வராத குழாயின் கீழே வாளியோடு ஒரு பெண் நின்றாள்.
2. அந்தப் பக்கம் அமைச்சர் வருவதாகச் செய்தி வந்தது.
3. மறுநாள் சுவர் வெள்ளையாக இருந்தது.

மிச்சத்தை இன்று காலை பஸ்ஸில் கேட்டேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள்தான் தொடங்கினாள்.

“எங்க வீட்டுக்காரரு என் மூஞ்சிலயே சுண்ணாம்பு அடிச்சிட்டாருக்கா.”

“ஒன் மூஞ்சிலயா?”

“படத்துல நிக்கிறது நான்தானே. தோட்டத்துத் தொர அவரையே கூப்பிட்டு அடிக்கச் சொல்லிட்டாரு. மாட்டேன்னா வேலை போயிரும்.”

“மனசு வந்துச்சா அந்த மனுசனுக்கு?”

“மூக்குத்தியைக் கடைசியாத்தான் அடிச்சாராம். அதைப் பெருமையா வந்து சொல்றாரு.”

மூத்தவள் சிரித்தாள். “சுண்ணாம்புல பசை போட்டாரா?”

“போடல. பசை இல்லாட்டி ரெண்டு மழைக்குக் கழுவிக்கிட்டுப் போயிருமாம். அமைச்சர் போறவரைக்கும் நின்னா போதும்னாரு.”

“அவரு வந்தாரா?”

“வேற ரோட்டால போயிட்டாரு.”

“அப்ப தண்ணி?”

“எங்க வருது? இன்னைக்கும் வாளியத் தூக்கிக்கிட்டு கீழ ஓடைப் பீலிக்குத்தான் போனேன்.”

பஸ் அந்தச் சுவரைக் கடந்தது. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

நேற்றைய மழையில் வாளியும் பாதி முகமும் மூக்குத்தியும் வெளியே வந்துவிட்டன. அவர்கள் குடியிருக்கும் லயத்துக் குழாயில் இன்னும் தண்ணீர் வரவில்லை.