பதினான்காம் விதியின் மஞ்சள் வட்டம்

மேடையில் வீற்றிருக்கும் போதகர் எம்ரிக் அவர்களே! கண்ணீரை அடக்கிக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வெர்லினின் துணைவியார் டோரீன் அம்மையார் அவர்களே! சங்கத் தலைவர் டுவேன் அவர்களே! வெளியே நாற்பத்தொரு வண்டிகளையும் பானட்டைத் திறந்து மரியாதையாக நிறுத்திவிட்டு, உள்ளே வந்து உருளைக்கிழங்கு சாலட்டைப் பாதி காலி செய்துவிட்ட மயாமி ஆற்றங்கரை மஸில் கார் சங்கத்து அன்பர்களே! ராஸ்கோ பீலரின் வணக்கம்.

வெர்லின் ஹோஸ்டெட்லர் போய்விட்டார். நம் பழைய வண்டிக் கண்காட்சிகளின் தலைமை நடுவர் போய்விட்டார்! காதில் பென்சிலோடு முப்பது ஆண்டுகள் நம் வண்டிகளுக்கு அடியில் படுத்துப் புரண்ட மாமனிதர் போய்விட்டார்! இனி நம் போல்ட்டுகளைத் திட்ட யார் இருக்கிறார்கள்?

அழுக்கு வண்டியை அவர் மன்னிப்பார். தொழிற்சாலையிலிருந்து வந்ததைவிட அழகாக இருக்கும் வண்டியை மன்னிக்கவே மாட்டார். நம் டுவேன் மூன்று குளிர்காலம் பாடுபட்டு, முகம் பார்க்கிற மாதிரி பெயின்ட் அடித்துக்கொண்டு வந்தார். வெர்லின் என்ன சொன்னார்? "டேய் டுவேன், அந்தக் காலத்துல இதை அடிச்சவன் சாப்பாட்டு மணி அடிக்கறதுக்குள்ள அடிச்சான்டா. பெயின்ட் வழிஞ்சிருக்கணுமே, எங்க வழிசல்? மூணு மார்க் போச்சு." அடுத்த வருடம் டுவேன் தூரிகையால் வழிசலை வரைந்துகொண்டு வந்தார்! ஆஸ்பத்திரியில் கடைசி வாரம்கூட, தன் கட்டிலுக்குக் கீழே எட்டிப் பார்த்து, "இந்தச் சக்கரம் ஒரிஜினல் இல்ல" என்றாராம். நர்ஸ் மன்னிப்புக் கேட்டாராம்.

அன்பர்களே! இன்று நான் புகழ்வதற்கு மட்டும் வரவில்லை. ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் வந்திருக்கிறேன். இருபத்தாறு வருடமாக என் நண்பனை ஏமாற்றியிருக்கிறேன். டுவேன், அந்தச் சாலட்டைக் கொஞ்சம் கீழே வையப்பா.

வெர்லினின் 1969 பிளைமவுத் கார் என்னிடமிருந்து போனது. அதற்கு முன் ஆறு வருடம் என் கொட்டகையில் எஞ்சின்கூட இல்லாமல் வெறும் கூடாகக் கிடந்தது. போதகருக்காக ஒன்று சொல்கிறேன். அந்த நாளில் தொழிற்சாலையில் வண்டியைச் சோதிப்பவர்கள் மெழுகுக்கோலால் அங்கங்கே குறி போடுவார்கள். அப்படி ஒரு குறி கிடைத்தால் எங்களுக்குப் புதையல் கிடைத்த மாதிரி. வெர்லின் அழுக்கைத் துடைத்தபோது, எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகரத் தடுப்பில் ஒரு மஞ்சள் வட்டமும் குறுக்கே இரண்டு கோடும் தெரிந்தன. விடிந்ததும் விடியாததுமாக எனக்குப் போன் செய்தார். "ராஸ்கோ! கெடச்சிடுச்சுடா! எவனுக்கும் கெடைக்காத குறி! போட்டவனுக்குக் கை நடுங்கியிருக்கு பாரு. எவ்வளவு கடமை உணர்ச்சி இருந்தா அப்படி நடுங்கும்!"

அந்த ஓரடித் தகரத்தை மட்டும் தொடாமல், மேலே வார்னிஷ் பூசிக் காப்பாற்றினார். நம் விதிப்புத்தகத்தில் பதினான்காம் விதி பிறந்தது. 69 பிளைமவுத்தில் மஞ்சள் வட்டம் இல்லையென்றால் ஐந்து மார்க் கழிவு! வெளியே நிற்கும் வண்டிகளில் பதினேழு வண்டிகளில் அந்த வட்டம் இருக்கிறது. இல்லை என்று யாராவது சொல்லுங்கள் பார்ப்போம்!

அன்பர்களே, அந்த வட்டத்தைப் போட்டது எந்தத் தொழிற்சாலைக்காரரும் அல்ல. என் மனைவி நெட்டி!

அந்த வருடம் வீட்டுப் பழைய சாமான்களை வாசலில் போட்டு விற்க நெட்டி முடிவு செய்தாள். மஞ்சள் மெழுகுக்கோலும் கையுமாகக் கிளம்பினாள். வட்டம் போட்டால் விற்பனைக்கு, குறுக்கே இரண்டு கோடும் போட்டால் குப்பைக்கு. பந்துருட்டும் போட்டியில் நான் வாங்கிய கோப்பைகள் குப்பைக்குப் போயின. கடைசியில் காரிடம் வந்தாள். கோபத்தில் கை நடுங்கியது. "இங்க பாருய்யா, உன் தகரத்துக்கும் ரெண்டு கோடு போட்டாச்சு. இந்த வாரத்துக்குள்ள இது போகலேன்னா அடுத்த வட்டம் உன் நெத்தியில." மறுநாளே வெர்லினைக் கூப்பிட்டு விற்றுவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். எப்படிச் சொல்வது? போனில் அந்த மனிதர் சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தார்! நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். அதற்குள் விதி அச்சாகிவிட்டது. பிறகு நான் ஓடுகிற நிலையில் வேறொரு 69 பிளைமவுத்தை வாங்கினேன். அதில் அந்த வட்டத்தைப் போட என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. வருடா வருடம் ஐந்து மார்க் போனது, வருடா வருடம் பரிசுக் கோப்பை போனது. "நல்லா வேணும்" என்று நெட்டி சிரிப்பாள்.

அவள் போய் எட்டு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு சனிக்கிழமை தவறாமல் வெர்லின் போன் செய்வார். "பானட் சரியா மூட மாட்டேங்குதுடா, வந்து பாரு." போவேன். நன்றாகத்தான் மூடும். அவர் அதைத் திறந்து வைத்துவிட்டு, "காபி போட்டுட்டு வரேன்" என்று உள்ளே போவார். இரண்டு கோப்பை காபிக்கு இருபது நிமிடம்! இந்த ஆளுக்குக் காபிகூடப் போடத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டு, அந்த வட்டத்துக்கு முன்னால் தனியாக நிற்பேன்.

நேற்று டோரீனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நெட்டி போறதுக்கு முன்னாடியே எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டாப்பா. இவர் சிரிச்ச சிரிப்புல நாற்காலியோட கவுந்தார். அவ போனதும் வண்டிக்கிட்ட போய், அந்த வட்டத்து மேல இன்னொரு தடவ வார்னிஷ் பூசினார். 'ராஸ்கோ வந்து பாக்க இது இருக்கணும்'னார்."

தெரிந்திருக்கிறது! தெரிந்துகொண்டே வருடா வருடம் எனக்கு ஐந்து ஐந்தாகக் கழித்திருக்கிறார் பாவி!

பிறகு டோரீன் ஒரு தாளைக் கொடுத்தார். போன மாதக் கண்காட்சியில், சக்கர நாற்காலியில் இருந்தபடி வெர்லின் என் வண்டிக்குப் போட்ட மதிப்பெண் தாள். பதினான்காம் விதிக்கு நேரே ஐந்து கழித்து, பிறகு அதை அடித்திருக்கிறார். பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறார்: "ஒரிஜினல் இவன் வீட்டில் இருந்தது. கழிவு இல்லை."

அன்பர்களே! தலைமை நடுவர் வெர்லின் ஹோஸ்டெட்லரின் பெயரால் உறுதி சொல்கிறேன். பதினான்காம் விதி நிற்கும்! ஒரு கோடு குறைந்தாலும் ஐந்து மார்க் போகும்!

டோரீன், சனிக்கிழமை வருகிறேன். பானட் சரியாக மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். திறந்து வைத்துவிட்டு நான் உள்ளே போய்க் காபி போடுகிறேன், நீங்கள் வண்டிப் பக்கத்திலேயே இருங்கள். எனக்கும் இரண்டு கோப்பைக்கு இருபது நிமிடம் ஆகும்.